வீடு வாங்கிய பின் வெளியே வந்த குறைக்கு விற்றவர் பொறுப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரையம் முடித்து, பால் காய்ச்சி, குடிபுகுந்த பிறகு வரும் முதல் மழையோடுதான் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. பதில்கள் இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் ஒட்டியவை. முதல் 4 கேள்விகளைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. பின்னால் வரும் பதில்கள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. வீடு வாங்கி 4 மாசத்துல சீலிங் ஒழுகுது. வித்தவர்கிட்ட பணம் கேட்க முடியுமா?

கேட்கலாம். கிடைக்குமா என்பது 3 விஷயங்களைப் பொறுத்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55(1)(ஏ) சொல்வது இது: சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்ணில் படாத வகையில் இருந்தால், விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடிக்குச் சமம் என்று அதே பிரிவின் கடைசிப் பத்தி சொல்கிறது.

ஆகவே 'ஒழுகுகிறது' என்பது மட்டும் போதாது. விற்கும்போதே ஒழுகியதா, அது அவருக்குத் தெரியுமா, உங்களால் கண்டுபிடித்திருக்க முடியுமா என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். கிரையத்துக்குப் பிறகு புதிதாக வந்த பழுது உங்களுடையது. இதெல்லாம் தனிநபரிடம் வாங்கிய வீட்டுக்கு. பில்டரிடம் வாங்கியிருந்தால் கணக்கே வேறு, 7-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

2. முக்கியமான குறைன்னா எது? சுவத்துல இருக்கற எல்லா விரிசலும் அதுல வருமா?

வராது. தெரிந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டீர்கள், அல்லது இந்த விலைக்கு வாங்கியிருக்க மாட்டீர்கள் என்று சொல்லக்கூடிய குறைதான் முக்கியமானது. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசல் எந்த வீட்டிலும் இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போல இறங்கி, விரலால் தடவினால் ஒரு பக்கம் மேடாகத் தட்டுப்படும் விரிசல் அப்படியல்ல. அடித்தளம் இறங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கரிசல் மண்ணில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட வீடுகளில் இது சகஜம். அந்த மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும்.

கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயரும் ஸ்லாப், மறைகுழாய்க் கசிவு, கதவு நிலை உள்ளுக்குள்ளேயே கரையான் அரித்துக் கூடாகிப் போனது, நிரம்பி வழியும் செப்டிக் டேங்க் ஆகியவையும் முக்கியமான குறைகளே. குழாய் சொட்டுவதும் சுவிட்ச் வேலை செய்யாததும் இந்தப் பட்டியலில் சேராது.

3. 'சாதாரண கவனம்'னு எதைச் சொல்றாங்க? நான் எஞ்சினியர் இல்லையே!

எஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை. பகலில் எல்லா அறைகளையும் பார்த்து, மொட்டை மாடிக்கு ஏறி, குழாய்களைத் திறந்து, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிந்த கறைக்குக் காரணம் கேட்பதுதான் சாதாரண கவனம். சுவரை உடைத்துப் பார்க்கச் சட்டம் சொல்லவில்லை.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஈரக்கறையைப் பார்த்தும் 'போன வருஷ மழையில வந்தது சார், சரி பண்ணியாச்சு' என்ற பதிலோடு விட்டுவிட்டால், பார்த்த குறையைப் பிறகு மறைந்திருந்த குறை என்று சொல்வது கடினம். அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருந்தால் கதை மாறும். வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்வதும் விற்பவரின் கடமை என்று பிரிவு 55(1)(சி) சொல்கிறது. எழுத்தில் கேட்டு எழுத்தில் பொய் வந்தால் உங்கள் கை ஓங்கும்.

4. அவர் 'எனக்கே தெரியாது'ங்கிறார். தெரியும்னு எப்படி நிரூபிக்கிறது?

பெரும்பாலான வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். அவர் மனதுக்குள் இருந்ததை நிரூபிக்க முடியாது. அவர் செய்ததை நிரூபிக்கலாம். முன்பே ரிப்பேர் பார்த்ததற்கான தடயம்தான் மிக வலுவான சாட்சி.

ஒழுகும் சீலிங்கில் பெயிண்டை உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். மேலே புது எமல்ஷன், அதன் கீழே சுற்றுப்புறத்தில் இல்லாத அளவுக்குத் தடித்த பட்டி, அதற்கும் கீழே ரப்பர் போல இழுபடும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு என்று அடுக்கு தெரிந்தால், ஒருவர் ஏற்கெனவே இதே இடத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார். விரிசலை ஒட்டி ஒரே வரிசையில், சுண்டுவிரல் பருமனில், சிமென்ட் வைத்து அடைத்த துளைகள் தென்பட்டால் இன்னும் நல்லது. ரசாயனக் கலவையைப் பம்பு வைத்து ஏற்றுவதற்காகப் போட்ட துளைகள் அவை. அப்படி ஒரு வேலை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நடக்காது. வீடு முழுக்கப் பழைய பெயிண்ட் இருக்க ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக இருப்பதும், ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பதும் துணைச் சாட்சிகள்.

காகிதமும் ஆட்களும் அடுத்து வருகிறார்கள். ஃபிளாட் என்றால் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, புகார்ப் பதிவேடு, கீழ்வீட்டுக்காரர் 'உங்க பாத்ரூம் எங்க வீட்டுல ஒழுகுது' என்று முன்பு அனுப்பிய செய்தி ஆகியவற்றைத் தேடுங்கள். வழக்கமாக வரும் பிளம்பர், பழைய வாடகைதாரர், விற்பனை விளம்பரத்தில் வந்த பழைய படங்கள் என எல்லாம் உதவும். செல்போன் செய்திகளை நீதிமன்றத்தில் கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியம், 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டுப் பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

5. கேஸ் போடற வரைக்கும் ஒழுகட்டும்னு விடணுமா? சரி பண்ணிட்டா சாட்சி போயிடுமே?

இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. அவசரப்பட்டு உடைத்துப் பூசிவிட்டால் குறையே இருந்ததாகக் காட்ட முடியாது. அப்படியே விட்டால், 'சேதத்தைக் குறைக்க வழி இருந்தும் நீங்கள் எதுவும் செய்யவில்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 73-இன் விளக்கம் அவர்களுக்குத் துணை நிற்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். விரிசலின் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுங்கள். விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்க 10 அல்லது 15 நாள் அவகாசம் கொடுங்கள். எஞ்சினியரிடம் அறிக்கை வாங்குங்கள். பிறகு ரிப்பேர் செய்யுங்கள். உடைத்தெடுத்த கம்பி, குழாய்த் துண்டு, பெயிண்ட் அடுக்கோடு பெயர்ந்த பூச்சு ஆகியவற்றை உறையிலிட்டுத் தேதி எழுதி வையுங்கள். மின்சாரத்தில் தண்ணீர் இறங்குவது, ஸ்லாப் விழும் நிலை போன்ற அவசரங்களில் எதற்கும் காத்திருக்க வேண்டாம். படம் எடுத்த கையோடு முட்டுக் கொடுங்கள்.

வழக்கு போட்டுவிட்டீர்கள், இன்னும் ரிப்பேர் செய்யவில்லை என்றால், வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்வையிடச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9 அதற்குத்தான். எஞ்சினியரையும் கூட அனுப்பும்படி கேளுங்கள்.

6. எஞ்சினியர் ரிப்போர்ட்ல என்ன இருக்கணும்?

'கட்டிடம் பழுதடைந்துள்ளது' என்ற ஒரு வரி எதற்கும் உதவாது. என்ன குறை, எதனால், எவ்வளவு காலமாக இருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற நான்கும் வேண்டும். மூன்றாவதுதான் உயிர். விற்கும்போதே குறை இருந்தது என்பதை அதுதான் சொல்லும்.

கம்பி துருவுக்கு ஃபினால்ஃப்தலீன் சோதனை எளிது. கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த முகத்தில் அந்தக் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து காரத்தை இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை கம்பியைத் தாண்டிப் போயிருந்தால் அது சில மாதத்தில் நடந்ததல்ல, பல வருட வேலை. பாத்ரூம் கசிவுக்கு, வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிக் கீழே பார்ப்பார்கள். மொட்டை மாடிக்கு 48 முதல் 72 மணி நேரம் தேவைப்படும். மழை இல்லாத நாளிலும் கறை பெரிதானால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுக் காலையில் தொட்டி மட்டத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

7. பில்டர்கிட்ட நேரா வாங்கின புது ஃபிளாட். இதுக்கும் இதே விதிதானா?

இல்லை, உங்கள் நிலை பல மடங்கு மேல். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016, பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரம், பொருள்தரம், வசதிகளில் குறையோ பில்டர் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. 4-ஆம் கேள்வியில் சொன்ன துப்பறியும் வேலை உங்களுக்குத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் ரெரா ஆணையத்திடம் புகாருக்குப் படிவம் 'எம்', இழப்பீட்டுக்காகத் தீர்ப்பு அலுவலரிடம் போகப் படிவம் 'என்'. 'சரிசெய்து கொடு' என்பதும் 'பணம் கொடு' என்பதும் தனித்தனி வாசல்கள். மாற்றிப் போட்டு மாதக்கணக்கில் இழப்பவர்கள் உண்டு.

பில்டர் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு, 'நீங்கள் இன்டீரியர் வேலைக்குத் துளை போட்டதால்தான் ஒழுகுகிறது' என்பது. மரவேலைக்காரர் உள்ளே வருவதற்கு முன்பே எல்லாச் சுவரையும் தரையையும் வீடியோ எடுத்து வைத்துவிடுங்கள்.

8. அந்த அஞ்சு வருஷம் பத்திரம் பதிஞ்ச நாள்லேருந்தா?

ஒப்படைத்த நாளிலிருந்து. சாவி கொடுத்த கடிதம் அல்லது ஒப்படைப்புச் சான்றில் உள்ள தேதியைப் பாருங்கள். இன்னொன்று, குறை 5 ஆண்டுக்குள் வந்தால் மட்டும் போதாது, 5 ஆண்டுக்குள் நீங்கள் தெரிவித்திருக்கவும் வேண்டும். செக்யூரிட்டியிடம் சொன்னது கணக்கில் வராது. மின்னஞ்சலும் ஒப்புகையுடன் கூடிய தபாலும் அனுப்புங்கள்.

9. ஃபிளாட் கட்டி 3 வருஷம்தான் ஆகுது. ஆனா நான் ரெண்டாவது கை. பில்டரைக் கேட்கலாமா?

கேட்கலாம். ரெரா சட்டத்தின் பிரிவு 2(டி), முதலில் ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து பிற்பாடு வாங்கியவரையும் சேர்த்தே 'ஒதுக்கீடு பெற்றவர்' என்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. 5 ஆண்டுக் கணக்கு முதல் ஒப்படைப்பிலிருந்தே ஓடும், உங்களுக்காகப் புதிதாகத் தொடங்காது. எனவே விற்றவரிடமிருந்து ஒப்படைப்புக் கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள். விற்றவர் மேலும் 1-ஆம் கேள்வியில் சொன்ன பொறுப்பு தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசியுங்கள், ஆனால் பில்டர் வழிதான் சுலபம்.

10. எங்க பில்டிங்ல மொத்தமே 6 வீடு. ரெரா பதிவே கிடையாதுங்கிறாங்க.

நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் 8-க்கு மேற்படாமலோ இருந்தால் பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நுகர்வோர் ஆணையம்தான் நல்ல வழி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் 'சேவை' என்பதன் விளக்கத்திலேயே வீடு கட்டித் தருவது இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதைத் தாண்டினால் தேசிய ஆணையம். காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவருக்கும் இதே வாசல்தான்.

11. தனி ஆள்கிட்ட வாங்கின பழைய வீடு. கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா?

போக முடியாது. தன் வீட்டை விற்கும் தனிநபர் உங்களுக்குச் 'சேவை' எதுவும் செய்யவில்லை, சொத்தை விற்றார், அவ்வளவுதான். நுகர்வோர் ஆணையம் வாசலிலேயே திருப்பி அனுப்பும். சிவில் கோர்ட்தான் வழி. தமிழ்நாட்டில் பணம் கேட்கும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 6 லட்சம் கேட்டால் 18,000 ரூபாய் கட்டணத்துக்கே போய்விடும். வழக்கறிஞர் நோட்டீஸிலேயே எஞ்சினியர் அறிக்கையையும் ரிப்பேர் மதிப்பீட்டையும் இணைத்து அனுப்பினால், பேசித் தீர்க்க வரும் விற்பவர்கள் குறைவில்லை. சின்னத் தொகைக்கு அதுவே புத்திசாலித்தனம்.

12. எத்தனை நாளைக்குள்ள கேஸ் போடணும்?

பில்டர் கேஸுக்கு 8, 10-ஆம் பதில்களில் உள்ளது. தனிநபர் மேல் சிவில் வழக்கு என்றால், காலவரையறைச் சட்டம், 1963-இன்படி பத்திரத்தை ரத்து செய்யவும் ஒப்பந்தத்தை முறிக்கவும் 3 ஆண்டு. உண்மை தெரியவந்த நாளிலிருந்து அது ஓடும். மோசடி மறைக்கப்பட்டிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது முயன்றிருந்தால் தெரியவந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் கணக்கு என்று பிரிவு 17 சொல்கிறது.

'தெரியவந்திருக்கக்கூடிய நாள்' என்பதைக் கவனியுங்கள். முதல் மழையில் கறை வந்து, 4-ஆம் வருஷம்தான் உடைத்துப் பார்த்தேன் என்றால், முதல் மழையிலிருந்தே எண்ணுவார்கள்.

13. வீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்கிட முடியுமா?

சட்டத்தில் இடமுண்டு, நடைமுறையில் அரிது. மோசடியால் பெற்ற சம்மதம் என்றால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 19). ஆனால் பதிவான கிரையப் பத்திரத்தை ஒருவர் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். குறை தெரிந்த பிறகும் மேல்மாடி கட்டினீர்கள், வேறொருவருக்கு விற்றீர்கள் என்றால் அந்த உரிமை போய்விடும்.

பணக்கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டியிருப்பீர்கள். அதை விற்றவரிடம் இழப்பீடாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். வங்கிக் கடன் இருந்தால் வழக்கு நடக்கும் காலமெல்லாம் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டே இருக்கும். வீடு இடிந்து விழும் நிலையில் இருந்தாலோ, உரிமையே ஆட்டம் கண்டாலோ முறிக்கலாம். மற்றபடி வீட்டை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்பதே நல்லது.

14. இழப்பீடா எவ்வளவு கேட்கலாம்?

சரிசெய்யும் செலவு, அந்த வேலைக்காக வெளியே தங்கிய வாடகை, சோதனைக்கும் அறிக்கைக்கும் ஆன செலவு, சரிசெய்தும் போகாத மதிப்புக் குறைவு ஆகியவற்றைக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் பில் அல்லது எழுத்து மதிப்பீடு வேண்டும். 20 வருடப் பழைய மாடிக்குப் புத்தம்புது வாட்டர்ப்ரூஃபிங் செய்து முழுத் தொகையையும் கேட்டால், 'பழையதற்குப் புதியது கேட்கிறார்' என்று குறைப்பார்கள். ரிப்பேரோடு சேர்த்துக் கிச்சனையும் மாற்றியிருந்தால் அந்த பில்லைத் தனியாக வையுங்கள். கலந்து கொடுத்தால் நியாயமான தொகை மேலும் சந்தேகம் விழும். மன உளைச்சலுக்கு நுகர்வோர் ஆணையம் தனித்தொகை தருவதுண்டு, சிவில் கோர்ட்டில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

15. பத்திரத்துல 'நேரில் பார்வையிட்டு, திருப்தி அடைந்து'ன்னு எழுதியிருக்கு. கையெழுத்தும் போட்டுட்டேன். முடிஞ்சுதா கதை?

முடியவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய குறைகளை அந்த வரி மூடிவிடும், அது உண்மை. பிரிவு 55 'மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில்' என்றுதான் தொடங்குகிறது. ஆனால் தெரிந்தே மறைத்ததற்கு அந்த வரி குடை பிடிக்காது. மறைந்திருந்ததைப் பார்த்துத் திருப்தி அடைய யாராலும் முடியாதே.

16. 'ஏதும் வில்லங்கம் வந்தால் நானே தீர்த்துத் தருகிறேன்'னு எழுதிக் கொடுத்திருக்கார். ஒழுகலுக்கும் அது பொருந்துமா?

பொருந்தாது. 'மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்க விவகாரமும் இல்லை. பின்னிட்டு ஏதும் தெரியவந்தால் நானே முன்னின்று எனது சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கக் கடவேன்' என்ற வாசகம் உரிமை, அடமானம், பாக்கி பற்றியது. கட்டிடத்தின் உடல்நிலை பற்றி நம் வழக்கமான கிரையப் பத்திரங்கள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

17. ஈ.சி. சுத்தமா இருந்துச்சு. இப்போ சொத்துல பாகம் கேட்டு கேஸ் இருக்குன்னு நோட்டீஸ் வருது.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். நிலுவையில் உள்ள வழக்கு, பதிவாகாத குடும்ப ஏற்பாடு, விடுபட்ட வாரிசு இவையெல்லாம் அதில் வர வேண்டும் என்பதில்லை. வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் அதன் முடிவு கட்டுப்படுத்தும் (சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 52). எனவே நோட்டீஸை ஒதுக்கி வைக்காமல் அந்த வழக்கில் உங்களையும் சேர்த்துக்கொள்ள மனு போடுங்கள்.

விற்றவர் மேல் உங்கள் பிடி இங்கே வலுவானது. தனக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழியைச் சட்டமே பத்திரத்துக்குள் படித்துக்கொள்கிறது (பிரிவு 55(2)). போதாததற்கு 16-ஆம் கேள்வியில் உள்ள வாசகமும் இருக்கிறது. பில்டர் விற்ற நிலத்தின் உரிமையில் குறை என்றால், ரெரா பிரிவு 18(2)-இன் கீழ் இழப்பீடு கேட்கக் காலவரையறையே கிடையாது.

18. மேல் மாடிக்கு அப்ரூவலே இல்லையாம். நோட்டீஸ் என் பேருக்கு வந்திருக்கு!

வரத்தான் செய்யும், இன்றைய உரிமையாளர் நீங்கள். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971, பிரிவு 56-இன்படி அனுமதியில்லாக் கட்டுமானத்தை அகற்றச் சொல்லலாம். விற்றவரிடம் கேட்பது கொஞ்சம் சிக்கல். வரைபடத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிடத்தோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்பார். வரைபடம் கேட்டும் தராமல் இழுத்தடித்தது, 'எல்லாம் அப்ரூவ்டுதான்' என்று எழுதியது, போலி வரைபடம் காட்டியது ஆகிய மூன்றில் ஒன்று கையில் இருந்தால் வழக்கு நிற்கும்.

19. மழைக்காலத்துல தெருவே முழங்கால் தண்ணி. அதைச் சொல்லாம வித்துட்டார்.

தெருவில் தண்ணீர் நிற்பதைப் பக்கத்துக் கடையில் கேட்டாலே சொல்லியிருப்பார்கள் என்பதால், 3-ஆம் பதிலில் சொன்ன சாதாரண கவனம் குறுக்கே வரும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அந்த அடையாளத்தை மறைக்க இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி விற்றிருந்தால் அது வேறு வழக்கு.

20. வித்தவர் வெளிநாட்டுல. பவர் ஏஜென்ட்தான் எல்லாம் பண்ணினார். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை காட்டுறாங்க.

ஏஜென்ட் அந்த வேலையின் போக்கில் தெரிந்துகொண்டது அவருக்குப் பவர் கொடுத்த முதலாளிக்கும் தெரிந்ததாகவே கருதப்படும் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 229). ஏஜென்ட் தன் அதிகாரத்துக்குள் செய்த மோசடியும் முதலாளி தலையில்தான் விழும் (பிரிவு 238). நோட்டீஸை இருவருக்கும் அனுப்புங்கள்.

21. வித்தவர் இறந்துட்டார். பிள்ளைங்க 'எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை'ங்கிறாங்க.

சம்பந்தம் உண்டு, அளவோடு. அவர் விட்டுச்சென்ற சொத்தில் அவர்கள் கைக்கு வந்த அளவுக்கு அவர்கள் பொறுப்பு. அவர்கள் சொந்தமாகச் சம்பாதித்ததைத் தொட முடியாது.

22. போலீஸ்ல ஏமாத்திட்டார்னு புகார் கொடுத்தா சீக்கிரம் வழிக்கு வருவாரா?

பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318(4), பழைய 420, ஏமாற்றிச் சொத்தையோ பணத்தையோ வாங்குவது பற்றியது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். போலி ஆவணம், ஒரே வீட்டை இருவருக்கு விற்றது போன்றவற்றுக்கு அது சரி. சீலிங் ஒழுகலுக்குப் போனால் 'இது சிவில் மேட்டர்' என்ற பதில்தான் வரும். மிரட்டும் ஆயுதமாகப் பயன்படுத்தப் பார்த்தால், பிறகு சிவில் வழக்கில் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டுவார்கள்.

23. பேங்க் ஏலத்துல எடுத்த வீடு. உள்ளே போய்ப் பார்த்தா எல்லாம் உடைசல்.

ஏல அறிவிப்பில் 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்' என்று இருக்கும். கட்டிடக் குறைக்கு வங்கியைப் பிடிப்பது ஏறக்குறைய நடக்காது. தனக்குத் தெரிந்த வில்லங்கத்தை வங்கி அறிவிப்பில் சொல்லாமல் மறைத்திருந்தால் மட்டும் பேசலாம்.

24. அந்த வீட்டுல ஒருத்தர் தூக்கு மாட்டிக்கிட்டாராம். சொல்லவே இல்லை. கேஸ் போடலாமா?

பிரிவு 55 சொத்தில் உள்ள குறை, உரிமையில் உள்ள குறை என்ற இரண்டைத்தான் சொல்கிறது. நடந்த மரணத்தை அதற்குள் அடக்குவது கடினம். ஆனால் வாங்கும் முன் நீங்கள் நேராகக் கேட்டு, அவர் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்லி, அதை நம்பித்தான் வாங்கினீர்கள் என்று காட்ட முடிந்தால், அது சொல்லாமல் விட்டது அல்ல, பொய் சொன்னது. அந்த வாதத்துக்கு இடமுண்டு.

25. இன்னும் கிரையம் ஆகலை, அட்வான்ஸ் மட்டும்தான் கொடுத்திருக்கேன். இப்பவே என்ன பண்ணிக்கலாம்?

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நீங்கள்தான் பாக்கியசாலி. ஒப்பந்தத்திலும் கிரையப் பத்திரத்திலும் இப்படி ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'மேற்கூரை, குளியலறைகள், மறைகுழாய்கள், கழிவுநீர்த் தொட்டி, அடித்தளம் ஆகியவற்றில் கடந்த 5 ஆண்டுகளில் கசிவோ பழுதோ ஏற்படவில்லை என்றும், ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்டவை இத்துடன் இணைத்த பட்டியலில் முழுமையாகக் குறிக்கப்பட்டுள்ளன என்றும் விற்பவர் உறுதி கூறுகிறார். இது உண்மைக்கு மாறானது எனத் தெரியவந்தால் சரிசெய்யும் செலவை விற்பவர் ஏற்கக் கடவார்.' 4-ஆம் கேள்வியின் தலைவலியில் பாதி இந்த ஒரு பத்தியில் தீரும். அவர் பட்டியல் எழுத உட்காரும்போதே பல விஷயங்கள் வெளியே வரும்.

முடிந்தால் மீதித் தொகையில் ஒரு சிறு பகுதியை, 60 லட்சம் வீட்டுக்கு 1 அல்லது 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர் கடைசி வரை நிறுத்தி வைக்கப் பேசுங்கள். அப்படி நிறுத்துவதைக் கிரையப் பத்திரத்திலேயே தொகை, தேதி, எந்தக் குறை வந்தால் எவ்வளவு கழிப்பது என்பதோடு எழுத வேண்டும். வாய்ப்பேச்சில் நிறுத்திவிட்டுப் பத்திரத்தில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால், பிறகு இரு தரப்புக்கும் அதுவே புது வழக்கு.